பார்க்கிங் ஓரிடம் குறைந்தால்: அமெரிக்க ஊர்களில் ஜோனிங் வேரியன்ஸ் எப்படி முடிவாகிறது

அமெரிக்காவில் சொந்த வீட்டின் கராஜை அறையாக மாற்றவோ, மாடியில் இரண்டு படுக்கையறை கூட்டவோ பெர்மிட் கேட்பவர்களுக்குச் சில சமயம் எதிர்பாராத காரணத்தால் மறுப்புக் கடிதம் வருகிறது. வரைபடத்தில் குறையில்லை, கட்டுமானத்தில் குறையில்லை. மனைக்குள் கார் நிறுத்தும் இடம் ஒன்று போதவில்லை. வேண்டுமானால் ஜோனிங் போர்டு என்ற உள்ளூர்க் குழுவிடம் வேரியன்ஸ், அதாவது இந்த மனைக்கு மட்டும் விதியிலிருந்து விலக்கு, கேட்டுக்கொள்ளலாம் என்று கடிதத்தின் முடிவில் ஒரு வரி இருக்கும்.

வீட்டுக்கு முன்னால் தெரு காலியாகத்தானே கிடக்கிறது, இதற்கு ஏன் இத்தனை பாடு என்று தோன்றுவது இயல்பு. அந்த எரிச்சலோடு போர்டு முன் போய் நிற்பவர்கள் பெரும்பாலும் தவறான வாதத்தை வைக்கிறார்கள். எது சரியான வாதம் என்று தெரிய, விதியின் அடிப்படையிலிருந்து வர வேண்டும்.

மனைக்குள்தான் நிறுத்த வேண்டும் என்ற விதி

ஊரை மண்டலங்களாகப் பிரித்து, எந்த மண்டலத்தில் என்ன கட்டலாம், எவ்வளவு உயரம், எல்லையிலிருந்து எத்தனை அடி தள்ளி என்று வரையறுக்கும் உள்ளூர்ச் சட்டம்தான் ஜோனிங். நியூயார்க் 1916இல் நகர் முழுவதற்குமாக இப்படி ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒஹாயோவின் யூக்ளிட் என்ற சிற்றூர் தொடர்பான வழக்கில், இவ்வாறு பிரிப்பது அரசமைப்புக்கு உட்பட்டதே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1926இல் தீர்ப்பளித்த பிறகு நாடெங்கும் அது வேகமாகப் பரவியது.

அதே ஒஹாயோவில் கொலம்பஸ் நகரம் 1923இல், அடுக்குமாடிக் குடியிருப்புகள் தங்களுக்கான கார் இடத்தைத் தாங்களே வைத்துக்கொள்ள வேண்டும் என்று விதித்தது. குறைந்தபட்ச பார்க்கிங் விதிகளின் வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது என்பார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் காரும் புறநகரும் பெருகப் பெருக, கிட்டத்தட்ட எல்லா ஊர்களும் இதை எழுதி வைத்துக்கொண்டன. உங்கள் வீட்டுக் கார் உங்கள் மனைக்குள் நிற்கட்டும், தெரு எல்லோருக்குமானது என்பதே அடிப்படை எண்ணம். அதனால் தெருவோரத்தில் பத்துக் கார் நிற்க இடம் இருந்தாலும் பொதுவாக அது உங்கள் கணக்கில் சேராது.

எத்தனை இடம் என்ற எண்கள் அறிவியல்பூர்வமானவையா? லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகத்தில் பேராசிரியராக இருந்த டொனால்ட் ஷூப் பல பத்தாண்டுகள் இதை ஆராய்ந்து, பெரும்பாலும் இல்லை என்றார். ஒரு ஊர் இன்னொரு ஊரைப் பார்த்து எழுதிக்கொண்ட எண்கள் அவை என்பது அவர் வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. அந்த வாதம் பல நகரங்களில் எடுபட்டது. பஃபலோ 2017இல், மினியாபொலிஸ் 2021இல், ஆஸ்டின் 2023இல் குறைந்தபட்ச பார்க்கிங் விதிகளை ஏறத்தாழ முழுமையாகக் கைவிட்டன. கலிபோர்னியாவில் 2023 ஜனவரி முதல், முக்கியப் பொதுப் போக்குவரத்து நிறுத்தத்திலிருந்து அரை மைலுக்குள் பெரும்பாலான கட்டுமானங்களுக்கு உள்ளாட்சிகள் குறைந்தபட்ச பார்க்கிங் கேட்க முடியாது.

இதைப் படித்துவிட்டு, “விதியே தவறு, மற்ற ஊர்கள் எடுத்துவிட்டன” என்று போர்டிடம் போய்ச் சொன்னால் எடுபடாது. விதியை மாற்றும் அதிகாரம் ஊர் மன்றத்துக்கு உரியது. விதி சரியாகத்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, இந்த ஒரு மனைக்கு அது பொருந்தவில்லையா என்று மட்டும் பார்ப்பதே போர்டின் வேலை.

‘ஒன்று குறைகிறது’ என்பது எப்படி வருகிறது

நியூ ஜெர்சியை எடுத்துக்கொள்வோம். குடியிருப்பு வளர்ச்சிக்கு மாநிலம் முழுவதற்குமான தரநிலை ஒன்று அங்கே இருக்கிறது. தனி வீட்டில் மூன்று படுக்கையறை என்றால் 2 இடம், நான்கு என்றால் 2.5, ஐந்து என்றால் 3. ஒரு கார் நிற்கும் கராஜும் அதன் முன்னால் உள்ள டிரைவ்வேயும் (தெருவிலிருந்து கராஜுக்கு வரும் கார்ப்பாதை) சேர்ந்து 2 இடமாகக் கொள்ளப்படும். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. கராஜ் கதவிலிருந்து பொது வழியின் எல்லை வரை குறைந்தது 18 அடி இருக்க வேண்டும்.

மூன்று படுக்கையறை வீட்டை ஐந்தாக்கினால் தேவை 2இலிருந்து 3 ஆகிறது, கையில் இருப்பது 2. அறைகளைக் கூட்டாமல் கராஜை மட்டும் மூடினால் தேவை அப்படியே இருக்கும், இருப்பு குறையும். இரண்டையும் ஒரே திட்டத்தில் செய்பவர்கள் இரு பக்கமும் அடி வாங்குகிறார்கள்.

மற்ற மாநிலங்களில் எண்கள் ஊருக்கு ஊர் மாறும். ஆனால் கணக்கு தவறும் இடங்கள் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்:

1. டிரைவ்வேயை நடைபாதை தாண்டித் தெரு விளிம்பு வரை அளந்துவிடுவது. மனையின் எல்லை பல இடங்களில் நடைபாதைக்கு உள்ளேயே முடிந்துவிடும். கண்ணுக்கு 24 அடி தெரியும், சர்வே வரைபடத்தில் 15 அடிதான் உங்களுடையதாக இருக்கும்.

2. முன்முற்றத்தில் ஓரமாகக் கல் பதித்து, அதை ஓர் இடமாகக் காட்டுவது. முன் செட்பேக்கில், அதாவது கட்டடம் வரக் கூடாத முன்பகுதியில், டிரைவ்வே தவிர வேறெங்கும் கார் நிறுத்தக் கூடாது என்று பல ஊர்களில் தனி விதி உண்டு.

3. ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும் கார்களை இரண்டாக எண்ணுவது. சில ஊர்கள் ஏற்கும், சில ஏற்காது.

4. புதிதாகக் கான்கிரீட் போட்டு இடம் உண்டாக்க முயல்வது. மழைநீர் இறங்காத பரப்பு மனையில் இத்தனை சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பில் அது போய் முட்டும். பார்க்கிங் வேரியன்ஸைத் தவிர்க்கப் போய் வேறொரு வேரியன்ஸில் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

வேரியன்ஸ் வேண்டுமா என்றே முதலில் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள் நிறையப் பேர். வேரியன்ஸைவிட எளிய வழிகள் சில இடங்களில் இருக்கின்றன.

மாசசூசெட்ஸில் பல ஊர்களின் சட்டமே பார்க்கிங் எண்ணைச் சிறப்பு அனுமதி மூலம் குறைத்துக்கொள்ள இடம் தருகிறது. அதன் அளவுகோல் வேரியன்ஸின் அளவுகோலைவிடத் தளர்வானது. நியூ ஜெர்சியில் மாநிலத் தரநிலையின் பார்க்கிங் எண்ணிலிருந்து சிறு விலகல் வேண்டுமென்றால் அதற்கு ‘டி மினிமிஸ்’ விலக்கு என்று பெயர். செட்பேக் போன்ற உள்ளூர் விதிகளை மீறும்போதுதான் வேரியன்ஸ் என்ற பேச்சு வருகிறது. கலிபோர்னியாவில் கராஜைத் துணைக் குடியிருப்பாக மாற்றும்போது, இழந்த பார்க்கிங்குக்கு மாற்று இடம் கேட்கக் கூடாது என்று மாநிலச் சட்டமே உள்ளாட்சிகளின் கையைக் கட்டியிருக்கிறது. கார் பெருகாத காலத்தில் கட்டிய வீடு என்றால், விதி வருவதற்கு முன்பிருந்த குறை என்ற பாதுகாப்பு கிடைக்கலாம். அந்தக் குறையை இன்னும் பெரிதாக்காத வரைதான்.

வீட்டில் உடல் குறைபாடு உள்ளவர் இருந்து, அவருக்காகவே இந்த மாற்றம் தேவைப்பட்டால், பாதை முற்றிலும் வேறு. 1988இல் திருத்தப்பட்ட கூட்டாட்சி வீட்டுவசதிச் சட்டமும் 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டமும், விதியில் நியாயமான தளர்வு தரும் கடமையை உள்ளாட்சிக்கு விதிக்கின்றன. ‘ரீசனபிள் அக்காமடேஷன்’ என்ற பெயரில் எழுத்துமூலம் கேட்க வேண்டும்.

வேரியன்ஸின் உள்ளடக்கம்

1920களில் ஹெர்பர்ட் ஹூவர் வணிகத்துறைச் செயலராக இருந்தபோது, மாநிலங்கள் பின்பற்றுவதற்காக ஒரு மாதிரிச் சட்டத்தை அத்துறை வெளியிட்டது. விதியை எழுத்துக்கு எழுத்து பிடித்தால் ஒரு குறிப்பிட்ட மனைக்குத் தேவையற்ற கடும் இடர் வருமென்றால், சட்டத்தின் நோக்கம் கெடாமல் விலக்கு தரலாம் என்று அதில் இருந்தது. இன்றைய மாநிலச் சட்டங்களில் பெரும்பாலானவை அந்த வாசகத்தின் வாரிசுகள்.

வேரியன்ஸில் இரண்டு வகை உண்டு. மண்டலத்தில் அனுமதிக்கப்படாத ஒன்றை நடத்தக் கேட்பது பயன்பாட்டு வேரியன்ஸ். அனுமதிக்கப்பட்டதையே அளவில் குறைத்தோ கூட்டியோ கேட்பது பரப்பு வேரியன்ஸ். முதல் வகை கிடைப்பது மிகக் கடினம். குடியிருப்பு மண்டலத்தில் குடியிருப்புக்குத்தான் பார்க்கிங் குறைகிறது என்றால் அது பொதுவாக இரண்டாவது வகை. நியூயார்க் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 2014இல் இதை வெளிப்படையாகவே சொல்லிவிட்டது: மனையின் பயன்பாடு அனுமதிக்கப்பட்டதாக இருந்தால், பார்க்கிங் குறைபாட்டைப் பரப்பு வேரியன்ஸாகவே பார்க்க வேண்டும்.

நியூயார்க் மாநிலத்தில் ‘டவுன்’ என்ற வகை ஊர்களுக்கான சட்டப்படி, போர்டு விண்ணப்பதாரருக்கு வரும் நன்மையையும் அக்கம்பக்கத்துக்கு வரும் பாதிப்பையும் சீர்தூக்க வேண்டும். பார்க்க வேண்டியவை ஐந்து:

1. அக்கம்பக்கத்தின் தன்மை விரும்பத்தகாத விதத்தில் மாறுமா?

2. வேரியன்ஸ் இல்லாமல் வேறு வழியில் அதே பயனை அடைய முடியுமா?

3. கேட்கும் விலக்கு பெரியதா? இரண்டுக்கு ஒன்று என்றால் பாதி குறைகிறது, ஆறுக்கு ஐந்து என்றால் ஆறில் ஒரு பங்குதான்.

4. சுற்றுப்புறத்தின் பௌதிக அல்லது சூழல் நிலை கெடுமா?

5. இடர் தானே வரவழைத்துக்கொண்டதா? நியூயார்க்கில் இது ஒன்று மட்டும் விண்ணப்பத்தை வீழ்த்திவிடாது. வேறு பல மாநிலங்களில் வீழ்த்திவிடும்.

மாசசூசெட்ஸ் இதற்கு நேர் எதிர். மண்ணின் தன்மை, மனையின் வடிவம், நில ஏற்ற இறக்கம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றிலிருந்து இடர் பிறந்ததாகக் காட்டியாக வேண்டும். ஐந்து பேர் போர்டில் நான்கு பேர் ஆதரிக்க வேண்டும். நியூ ஜெர்சி நடுவில் நிற்கிறது. மனை அசாதாரணமாகக் குறுகியது, ஆழமற்றது, சரிவானது என்று காட்டுவது ஒரு வழி. விலகலால் வரும் நன்மை தீமையை மிஞ்சும் என்று காட்டுவது மற்றொன்று. இந்த இரண்டாவது வழியில் வீட்டுக்காரருக்கு மட்டும் நன்மை என்றால் போதாது, ஊருக்கும் ஏதாவது நன்மை இருக்க வேண்டும் என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 1988இல் தெளிவுபடுத்தியது. டெக்சஸில் 75 சதவீத உறுப்பினர் ஆதரவு தேவை. ஆனால் 2021இல் வந்த திருத்தப்படி, விதியைக் கடைப்பிடிக்கும் செலவு கட்டடத்தின் மதிப்பீட்டில் பாதியைத் தாண்டினால் அதையும் போர்டு கருத்தில் கொள்ளலாம். மற்ற இடங்களில் பணம் அதிகம் செலவாகும் என்ற வாதம் தனியாக நிற்பது அரிது.

குடும்பத்தின் கதையும் மனையின் கதையும்

விண்ணப்பங்கள் தோற்கும் இடம் இதுதான். ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்குகிறார்கள், குழந்தைகள் வளர்ந்துவிட்டார்கள், வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன், எங்களிடம் ஒரே கார்தான். எல்லாம் உண்மையாக இருக்கலாம், போர்டு உறுப்பினர்கள் பரிவோடு கேட்கவும் செய்யலாம். சட்டத்தில் அவற்றுக்கு எடை மிகக் குறைவு. காரணம், வேரியன்ஸ் மனையோடு ஒட்டிக்கொண்டு போகும் உரிமை. நீங்கள் விற்றுவிட்டுப் போனாலும் அது அங்கேயே இருக்கும். அடுத்து வருபவரிடம் மூன்று கார் இருக்கலாம். எங்களிடம் ஒரே கார் என்பது மிக வலுவான வாதம் போலத் தோன்றும். என் கணிப்பில் அதுதான் மிகவும் பயனற்ற வாதம்.

மனையைப் பற்றிய வாதம் வேறு மாதிரி இருக்கும். தெருவில் மற்ற மனைகள் 60 அடி அகலம், இது 40 அடி. பக்கவாட்டில் வீட்டுக்கும் எல்லைக்கும் நடுவே ஏழு அடிதான், ஒன்பது அடி அகல நிறுத்துமிடம் அங்கே நுழையாது. பின்பக்கம் செங்குத்துச் சரிவு. இவற்றை எந்தக் குடும்பம் வந்தாலும் மாற்ற முடியாது.

அப்புறம், பார்க்கிங்குக்கே உரிய ஒரு வாதம் உண்டு. புதிதாக ஒரு டிரைவ்வே போட வேண்டுமானால் தெருவோரக் கல் வரிசையை வெட்டித் தாழ்த்த வேண்டும். அந்த வெட்டுக்கு முன்னால் இனி யாரும் காரை நிறுத்த முடியாது. அதாவது மனைக்குள் ஓர் இடம் கூடும்போது தெருவில் ஓர் இடம் போய்விடும், நிகர லாபம் பூஜ்யம். பொதுவில் இருந்த ஓர் இடத்தைத் தனியாருக்கு மாற்றிக் கொடுப்பதையா விதி விரும்புகிறது? இந்தக் கேள்வியை வரைபடத்தோடு வைத்தால், ஊருக்கு நன்மை என்ற பகுதி தானாக நிறைவேறும். வழியில் முதிர்ந்த மரம் ஒன்றும் நின்றால் வாதம் இன்னும் வலுக்கும்.

தெருவில் இடம் உண்டு என்று சொல்வதானால் எண்ணிக் காட்ட வேண்டும். குடியிருப்புத் தெருவில் நெருக்கடி இரவில்தான். வெவ்வேறு வார நாட்களின் இரவிலும் ஒரு வார இறுதியிலும், வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் எத்தனை இடம், எத்தனை நிரம்பியிருக்கிறது என்று நேரம் குறித்துப் பட்டியலிட வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு எடுத்த காலித் தெருப் படத்துக்கு மதிப்பில்லை. இரவில் தெருவில் நிறுத்தத் தடை உள்ள ஊராகவோ, பனிக்காலத் தடை உள்ள ஊராகவோ இருந்தால் இந்த வாதத்தையே எடுக்காமல் இருப்பது நல்லது.

விண்ணப்பத்திலிருந்து வாக்கெடுப்பு வரை

1. மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். எந்தப் பிரிவு, எத்தனை இடம் தேவை, எத்தனை இருக்கிறது என்பது அதில் இருக்க வேண்டும். ஜோனிங் அதிகாரி எண்ணியதே தவறாக இருந்தால் அதை எதிர்த்து முறையிட வேண்டும், அது வேரியன்ஸ் ஆகாது.

2. அண்மைக்கால சர்வே, தற்போதைய நிலை, திட்டமிடும் நிலை ஆகிய மூன்றையும் ஒரே அளவுகோலில் வரைந்து தாருங்கள். தேவைப்படும் மிகக் குறைந்த விலக்கை மட்டும் கேளுங்கள்.

3. அக்கம்பக்கத்தாருக்கு அறிவிப்பு. நியூ ஜெர்சியில் 200 அடிக்குள் உள்ள சொத்து உரிமையாளர்களுக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் அறிவிப்பு போக வேண்டும். அவர்களின் சான்றளிக்கப்பட்ட பட்டியலை நகராட்சியிடமே சிறு கட்டணத்துக்கு வாங்கலாம். கட்டாயம் வாங்குங்கள். நீங்களே தயாரித்த பட்டியலில் ஒருவர் விட்டுப்போனால் விசாரணை நடத்தும் அதிகாரமே போர்டுக்கு இல்லாமல் போகலாம். சான்றளித்த பட்டியலில் விட்டுப்போனால் அந்தப் பழி உங்கள் மேல் விழாது.

4. போர்டு உறுப்பினரைத் தனியாகச் சந்தித்தோ மின்னஞ்சலிலோ வழக்கைப் பற்றிப் பேசாதீர்கள். அது நீதிபதியிடம் தனியாகப் பேசுவதற்குச் சமம், உறுப்பினர் வாக்களிக்க முடியாமலும் போகலாம். அண்டை வீட்டாரிடம் தாராளமாகப் பேசலாம், பேசத்தான் வேண்டும்.

5. விசாரணையில் உறுதிமொழி எடுத்துச் சாட்சியம் சொல்வீர்கள். எதிர்ப்பவர்களும் சொல்வார்கள். நாற்பது கையெழுத்து கொண்ட மனுவைவிட, ‘என் டிரைவ்வேயை வாரம் மூன்று நாள் யாரோ மறிக்கிறார்கள்’ என்ற ஒருவரின் குறிப்பான சாட்சியம் கனமானது. இது இரு பக்கத்துக்கும் பொருந்தும்.

6. அன்று வந்திருக்கும் உறுப்பினர்களை எண்ணுங்கள். ஐந்தில் நான்கு வாக்கு வேண்டிய இடத்தில் நான்கு பேர்தான் வந்திருக்கிறார்கள் என்றால், ஒருவர் மறுத்தாலும் கதை முடிந்தது. ஒத்திவைக்கக் கேட்பது வழக்கமானது, யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

போர்டில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரிந்தால், மறுப்பு வாக்கு விழும் முன்பே விண்ணப்பத்தைத் திருத்தவோ திரும்பப் பெறவோ கேட்கலாம். மறுக்கப்பட்ட அதே விண்ணப்பத்தை உடனே மறுபடி போட முடியாது. மாசசூசெட்ஸில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லாவிட்டால் இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும்.

முடிவு கையில் வந்த பிறகு

முடிவில் காரணங்கள் எழுதப்பட்டிருக்க வேண்டும். சான்றுக்கும் முடிவுக்கும் இடையிலான தொடர்பைப் போர்டு எழுத்தில் காட்ட வேண்டும் என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1974இல் டோபாங்கா வழக்கில் வலியுறுத்தியது. காரணம் இல்லாத ஒப்புதல் கிடைத்தால் மகிழ்ந்துவிட வேண்டாம். அண்டை வீட்டார் நீதிமன்றம் போனால் முதலில் சரிவது அதுதான்.

நீதிமன்றம் போகும் கால அவகாசம் மிகக் குறுகியது. நியூயார்க்கின் டவுன்களில் முடிவு பதிவான 30 நாட்களுக்குள், நியூ ஜெர்சியில் முடிவின் அறிவிப்பு வெளியான 45 நாட்களுக்குள், மாசசூசெட்ஸில் 20 நாட்களுக்குள். இந்தக் காலம் முடியும் முன் கான்கிரீட் உடைக்கத் தொடங்குவது சொந்தப் பொறுப்பில் செய்வது. நியூ ஜெர்சியில் அந்த அறிவிப்பை விண்ணப்பதாரரே வெளியிட ஏற்பாடு செய்யலாம். தாமதித்தால் கடிகாரம் ஓடத் தொடங்குவதும் தாமதமாகும்.

ஒப்புதலோடு நிபந்தனைகள் வரும். இன்னொரு சமையலறை கூடாது, தனியாக வாடகைக்கு விடக் கூடாது, வேலி வைக்க வேண்டும் என்பன போல. வீட்டு உரிமையாளர் சங்கம் உள்ள குடியிருப்பு என்றால் அதன் ஒப்பந்த விதிகளை வேரியன்ஸ் ரத்து செய்யாது, அவர்களிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும். வேரியன்ஸ் கிடைத்ததே பெர்மிட் ஆகிவிடாது. அதைக் காட்டிக் கட்டுமான பெர்மிட்டுக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். மாசசூசெட்ஸில் பத்திரப் பதிவகத்தில் பதிந்தால்தான் வேரியன்ஸ் செல்லும், ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் காலாவதியாகும். கேட்டால் ஆறு மாதம் வரை நீட்டிப்பார்கள். அந்த ஓராண்டு முடியும் முன்பே நீட்டிப்பு மனு உள்ளே போயிருக்க வேண்டும்.